மடிப்பேட்டுக்கு அணி செய்தல்

சென்ற அதிகாரத்தில் சொல்லிய முறைப்படி, 60 சென்ரிமீற்றர் நீளமும் 15 சென்ரிமீற்றர் உயரமும் கொண்ட கடதாசிப் பட்டையை முன்னும் பின்னுமாக விசிறி மடிப்பாக மடித்து, ஏழரைச் சென்ரிமீற்றர் அகலமுள்ள 8 முகங்களை உண்டாக்கி, இரு நுனிகளிலும் மட்டை ஒட்டி, அம்மிக் குழவியின் பாரத்தின் கீழ் ஓர் இரவு வைத்தெடுத்த வெற்றேடு இப்பொழுது வாசகரின் கையில் இருக்கின்றது என்று கொண்டு இவ்வதிகாரத்தைத் தொடங்குகின்றேன். அவ்வேட்டைக் கண்ட மாத்திரத்தில், வீட்டிலே கிடக்கும் மணியையும் சரிகையையும் சிப்பியையும் அள்ளிவந்து அதன்மேல் ஒட்டிவிட வேண்டும் என்ற ஆவல் எழுவது இயல்பே. அந்த ஆவலைச் சற்று நேரம் அடக்கிக்கொண்டு, ஏட்டை நாலைந்து முறை விரித்தும் மூடியும் பார்த்து, அது எங்கே வளைகின்றது, எந்த முகம் எந்த முகத்தின்மேல் கவிகின்றது என்பவற்றைக் கையால் அறிந்துகொள்வோர், பின்னர் வரும் சிரமங்களிற் பாதியை முன்கூட்டியே ஒழித்தவராவர். மடிப்பேடு திறக்கவும் மூடவும் அமைந்த பொருள். மூட முடியாதபடி அலங்கரிக்கப்பட்ட ஏடு எத்துணைச் சௌந்தரியம் உடையதாயினும் சுவரிலே தொங்கவிடத்தக்க படமே ஆகும்.

ஆகையால், அணி செய்வோர் முதலிற் பணிய வேண்டியது மடிப்புக்கு. ஒவ்வொரு மடிப்பின் இரு புறத்திலும் ஒரு சென்ரிமீற்றர் இடத்தை யாதொரு பொருளும் தீண்டாமல் விட்டுவிடுக. ஏழரைச் சென்ரிமீற்றரில் அது போக எஞ்சும் ஐந்தரைச் சென்ரிமீற்றரே அலங்காரத்துக்கு உரிய நிலம் என்று கொள்க. அடுத்து ஆராய வேண்டியது தடிப்பு. 8 முகங்களும் மூடும்போது 4 இணைகளாகின்றன. ஒவ்வோர் இணையின் நடுவிலும் 2 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஒரு சிப்பியை வைத்தால், மடிப்பு விளிம்பு தட்டையாகவே இருக்க, நடுப்பகுதி மட்டும் 8 மில்லிமீற்றர் உயர்ந்து, ஏடு வாய் பிளந்து நிற்கும். சில நாட்களில் மடிப்பும் கிழியும். பொருள்களை ஒரு முகத்தில் மேலேயும் அடுத்த முகத்தில் கீழேயுமாக இடம் மாற்றி வைப்பது ஓரளவு உதவும். தடித்த பொருள் ஒன்று உள்ளே இருந்தே ஆகவேண்டும் என்ற நிர்ப்பந்தம் இருப்பின், அதன் எதிர்முகத்தில் அப்பொருளின் வடிவத்துக்கு ஒரு சன்னல் வெட்டிவிடுவது உசிதம். ஏடு மூடியவுடன் சிப்பி அந்தச் சன்னலிலே போய் அமர்ந்துகொள்ளும், பிள்ளைகளுக்கும் அது ஒரு வேடிக்கையாகும். ஆயினும் பொதுவிதியாக நான் சொல்லத் துணிவது இதுவே: உள்முகங்களில் ஓலை, நூல், கடதாசி, துணி ஆகிய தட்டைப் பொருள்களே இருக்கட்டும், உயர்ந்து நிற்பன யாவும் வெளிமட்டைக்கு உரியன.

இவ்விதி நமது கற்பனையிற் பிறந்ததன்று. பர்மாவிலே பரபைக் என வழங்கும் மடிப்பேடுகளையும், சீயத்திலே பிராய்மரப் பட்டையைக் கூழாக்கிச் செய்த மடிப்பேடுகளையும் நோக்குவோர், அவற்றின் உள்முகங்கள் மையாலும் வர்ணத்தாலும் மாத்திரம் நிறைந்திருக்க, அரக்கு போன்ற கனத்த வேலைப்பாடுகள் வெளிப்புறத்துக்கே ஒதுக்கப்பட்டிருப்பதைக் காண்பர். அந்தப் பிராய் நமது நாட்டுக் காடுகளிலும் பற்றைகளிலும் வளர்வதுதான். அதன் சொரசொரப்பான இலையைக் கொண்டு மரச் சாமான்களைத் தேய்த்து மெருகிடுவர். மட்டையின் விளிம்பைத் தேய்த்து மழுப்புவதற்கு நாமும் அதனைப் பயன்படுத்தலாம். நம்முடைய ஓலைச்சுவடிகளின் மரபும் இதற்கு மாறுபட்டதன்று. ஏட்டின் உள்ளே எழுத்தாணியின் கீறலும் மையும் அன்றி வேறில்லை, சித்திரம் தீட்டுதலும் செதுக்குதலும் மேலும் கீழும் காப்பாக வைக்கும் மரச்சட்டங்களிலேயே நிகழ்ந்தன.

பசையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிச் செல்லுகின்றேன். கடதாசி, ஓலை, துணி ஆகியவற்றுக்குக் கோதுமை மாப் பசையே சிறந்தது: ஒரு பங்கு மாவை ஐந்து பங்கு நீரிற் கட்டியின்றிக் கரைத்து, இளந்தீயிலே கிண்டிக்கொண்டிருந்து, வெண்மை மாறிக் கண்ணாடிபோற் பளபளக்கத் தொடங்கும் பதத்தில் இறக்கி ஆறவிடுக. பழங்காலத்துப் புத்தகம் கட்டுவோர் பூச்சி அரியாமைக்கு மயில்துத்தமும், பசை கெடாமைக்குப் படிகாரமும் சேர்ப்பர். மயில்துத்தம் நஞ்சு, பிள்ளைகள் கூடியிருந்து செய்யும் வேலையில் அதற்கு இடமில்லை. படிகாரமோ புளிப்புத் தன்மை உடையதாதலின் நாளடைவிற் கடதாசியைப் பழுப்பாக்கி நொறுங்கச் செய்யும். இரண்டையும் விலக்கி, அன்றன்றைக்கு வேண்டிய பசையை அன்றன்றைக்கே காய்ச்சிக்கொள்வதே மேல். சிப்பி, மணி, சட்டைத் தெறி முதலிய கனத்த பொருள்களுக்கு மாப்பசை உதவாது. கடைகளிலே பைண்டர் கம் என்று விற்கும் வெண்பசையைப் பயன்படுத்துக. மன்னார்க் கரையிலே வேலை செய்வோர் காற்றையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். சோளகம் வீசும் மாதங்களில் பசையின் மேற்பரப்பு விரைவிற் காய்ந்து ஆடை படர்ந்துவிடும், பறந்துவரும் மணலும் அதிலே ஒட்டும். ஆதலால் சன்னலைச் சாத்திக்கொண்டு, சிறிது சிறிதாகப் பூசி ஒட்டுக. வாடைக்காற்றோடு மழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியிலோ பசை காய மறுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். அக்காலத்தில் ஒட்டிய ஒவ்வொரு முகத்தின் இடையிலும் உலர்ந்த கடதாசியைச் செருகி, அதனை அடிக்கடி மாற்றிக்கொண்டிருத்தல் வேண்டும்.

இனிப் பொருள்களுக்கு வருவோம். மன்னார்த் தீவிலே பிறந்தவர் ஏட்டலங்காரத்துக்கென்று கொழும்புக் கடைகளைத் தேடிச் செல்வது, பனைக்கு நடுவே நின்றுகொண்டு ஓலைக்கு விலை கேட்பதை ஒக்கும். தலைமன்னாரிலிருந்து மன்னார்ப் பட்டினம் வரை வழியெங்கும் நிற்கும் பனையே இக்கலைக்கு முதன்மையான மூலதனம். பாயும் பெட்டியும் கடகமும் இழைக்கும் பெண்கள் வீட்டுக்கு வீடு இருக்கும் ஊர்களிலே, வார்ந்து கழித்த ஓலைத் துண்டுகள் மாத்திரமே ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அனைவரின் ஏடுகளுக்கும் போதுமானவை. அத்துண்டுகளைக் கேட்டால் அவர்கள் இல்லையென்று சொல்வதில்லை, எப்படி இழைப்பது என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தே அனுப்புவர்.

ஓலை வேலைக்கு விரியாத குருத்தே உகந்தது. முற்றிய ஓலை பச்சையும் பழுப்புமாகி முறியும் தன்மையது. குருத்தோலையோ வெயிலில் உலர்ந்தபின் வெண்மை கலந்த இளமஞ்சள் நிறமும், மடக்கினாலும் முறியாத துவட்சியும் பெறும். ஈர்க்கை நீக்கிவிட்டு, சத்தகத்தின் நுனியால் இரண்டு அல்லது மூன்று மில்லிமீற்றர் அகலமுள்ள வார்களாகக் கிழித்து, விடியற்காலையின் ஈரக்காற்றிலோ, அதற்குப் பொறுமை இல்லாதோர் சில நிமிட நேரம் தண்ணீரிலோ இட்டு மென்மையாக்கி, பாய் இழைக்கும் அதே முறையில் ஐந்து சென்ரிமீற்றர் சதுரமாக ஒரு சிறு தகட்டை இழைக்க. இழைத்ததை உடனே ஏட்டில் ஒட்டுவது பெரும் பிழை. ஓலையிலுள்ள ஈரம் கடதாசிக்கு இறங்கிச் சுருக்கத்தையும் பூஞ்சணத்தையும் உண்டாக்கும். இரு பலகைகளின் நடுவே ஒரு நாள் முழுதும் உலரவைத்து, விளிம்பு வார்களைப் பின்புறமாக மடக்கிப் பசையிட்டு, கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்து ஒட்டினால், மயிரிழையும் எழும்பாமல் முகத்தோடு முகமாகப் படியும். ஒரு மில்லிமீற்றரிலும் குறைந்த தடிப்புள்ள இத்தகட்டை உள்முகத்திலும் தாராளமாக வைக்கலாம். குருத்தோலை ஞாயிறன்று கோயிலிலே பெற்ற ஓலையைச் சிலுவையாகவும் குருவியாகவும் மடித்துப் பழகிய பிள்ளைகளுக்கு இவ்வேலை ஒரு பொழுதிற் கைவந்துவிடும். அந்தச் சிறு சிலுவையையே தட்டையாக அமுக்கி அட்டையின் நடுவிற் பதிப்பதும் உண்டு.

நிறமூட்டிய ஓலையைப் பயன்படுத்துவோர் ஒரு பரீட்சையை ஒருபோதும் தவிர்க்கலாகாது. பெட்டி இழைப்போர் சாயப்பொடியைக் கொதிநீரிற் கரைத்து ஓலையை அதிலே அவித்தெடுப்பர். பார்வைக்குச் சிவப்பும் பச்சையும் ஊதாவும் நிலைத்துவிட்டன போலத் தோன்றினும், பசையின் ஈரம் பட்டவுடன் சாயம் கசிந்து வெள்ளைக் கடதாசியிலே படர்ந்துவிடும். நனைத்த பஞ்சை வாரின்மேல் வைத்து அழுத்தி, பஞ்சிலே நிறம் ஏறுகின்றதா என்று பார்க்க. ஏறினால், நிறம் போவது நிற்கும்வரை குளிர்ந்த நீரில் அலசி உலர்த்திய பின்னரே தொடுக. சாயம் என்றவுடன் இக்கரையின் பழைய செல்வம் ஒன்று நினைவுக்கு வருகின்றது. ஒல்லாந்தர் காலத்திலே மன்னாரின் மணற்றரைகளில் தோண்டியெடுக்கப்பட்ட சாயவேர், படிகாரத்தின் துணையோடு பருத்தித் துணிக்குச் செந்நிறம் ஊட்டுவதற்காகப் பெருமதிப்புடன் சேகரிக்கப்பட்டது. அச்செடி இன்றும் கரையோர மணலிலே தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கக் காணலாம். ஏட்டு வேலைக்காக அதைப் பிடுங்கும்படி நான் எவரையும் தூண்டமாட்டேன். ஒரு பிடி வேருக்கு எத்தனையோ செடிகள் அழிய வேண்டியிருக்கும். பொதி செய்த சாயமே போதும்.

பனையின் ஏனைய உறுப்புகளும் வீண்போவன அல்ல. ஈர்க்கை நடுவே பிளந்து, தட்டையான பக்கத்தைக் கீழே வைத்து ஒட்டினால், எந்தச் சித்திரக்காரனும் இழுக்க முடியாத செவ்வையான கோடு கிடைக்கும். பனைமட்டையின் அடியிலே வலைபோற் பின்னிக்கிடக்கும் பன்னாடையைத் தட்டித் தூசு போக்கி, நீரிலே கழுவி, ஈரத்தோடு பாரம் வைத்துத் தட்டையாக்கிக்கொண்டால், வெளிமட்டைக்கு அதைவிட அழகிய போர்வை கடையிற் கிடையாது என்பது என் அபிப்பிராயம். அதன் கண்களினூடே அடியிலுள்ள வர்ணக் கடதாசி தெரியுமாறு ஒட்டுக. செம்மஞ்சளும் கருநீலமும் அதற்கு நன்கு எடுபடும்.

அடுத்தது கடல் தரும் பொருள். முத்துக்குளிப்பால் உலகறிந்த கரை இது. 1905 ஆம் ஆண்டு மரிச்சுக்கட்டிக்கு எதிரே உள்ள முத்துப்பார்களில் மாத்திரம் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன என்றால், சிலாவத்துறை, அரிப்பு முதலிய கரைகளின் மணலிலே சிப்பித் தூள் மின்னுவதில் வியப்பில்லை. அரிப்பிலே கடலரிப்பால் இடிந்து நிற்கும், தேசாதிபதி நோர்த் முத்துக்குளிப்பைப் பார்வையிடுவதற்கெனக் கட்டுவித்த மாளிகையைப் பார்க்கச் செல்வோர், வெறுங்கையோடு திரும்புவதில்லை. சட்டைப் பையிலே நாலு சிப்பியேனும் இருக்கும். அந்த நாலு சிப்பியை ஏட்டிலே ஏற்றுவதற்குரிய முறையைத்தான் பெரும்பாலோர் அறியார்.

கடலிலிருந்து வந்த எதிலும் உப்பு உண்டு. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் கடதாசியைக் கெடுக்கும். சிப்பியைச் சுற்றிப் பழுப்பு வளையம் படர்ந்த பழைய ஏடுகளின் நோய் இதுவே. ஆகையால் சிப்பி, சோழி, ஊரி, மட்டி யாவற்றையும் நல்ல தண்ணீரிலே இட்டு, நாள்தோறும் நீரை மாற்றி, ஒரு கிழமைவரை ஊறவைத்து, நிழலில் உலர்த்துதல் வேண்டும். சிலர் மினுக்கம் ஏற்றுவதற்காகத் தேசிக்காய்ச் சாற்றிலே தேய்ப்பர். சிப்பி சுண்ணத்தால் ஆனது, புளிப்பு அதனைக் கரைக்கும். முதலில் வெளுத்து அழகாகத் தோன்றும் சோழி, பின்னர் பளபளப்பை இழந்து சுண்ணாம்புக் கட்டியாகிவிடும். மெல்லிய துணியில் ஒரு துளி தேங்காயெண்ணெய் தொட்டு மேற்புறத்தை மட்டும் துடைப்பதே தக்க மெருகு. ஒட்டப்போகும் அடிப்புறத்திலே எண்ணெய் படக்கூடாது.

ஒட்டும்போது கவனிக்க வேண்டியது, குழிந்த சிப்பியின் விளிம்பு மாத்திரமே தாளைத் தொடுகின்றது என்பது. நூலளவு பசையில் நிற்கும் சிப்பி முதற் பயணத்திலேயே உதிர்ந்துவிடும். அதன் குழியை வெண்பசையில் தோய்த்த பஞ்சாலோ துணித் துணுக்காலோ நிரப்பி, விளிம்பு மட்டத்துக்குச் சமமாக்கி, பின்னர் மட்டையிலே பதித்துப் பாரம் வைக்காமல், நூலாற் சுற்றிக் கட்டி ஓர் இரவு விடுக. இன்னும் உறுதி வேண்டுவோர் தைத்துவிடலாம். துளையிடுவதற்கு யந்திரம் எதுவும் வேண்டா. சிப்பியின் கூரிய முதுகுப் பகுதியைத் தண்ணீர் தெளித்த கருங்கல்லிலே வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தால், சற்று நேரத்தில் அவ்விடம் மெலிந்து தானே திறந்துகொள்ளும். தண்ணீர் இன்றித் தேய்த்தால் எழும் தூள் மூச்சுக்குக் கேடு. பிள்ளைகளுக்கு இதை வற்புறுத்திச் சொல்லுக. தைப்பதற்கு வலைக்காரர் கழித்துவிடும் தங்கூசி நூலே சிறந்தது; கண்ணுக்குத் தெரியாது, உப்பிலும் இற்றுப்போகாது. மட்டையின் பின்புறத்தில் முடிச்சு விழும் இடத்திலே ஒரு சிறு துணித்துண்டை முன்னரே ஒட்டிவைத்தால் நூல் மட்டையை அறுக்காது. கரையில் ஒதுங்கும் தங்கூசித் துண்டுகளைப் பொறுக்கி எடுப்பது ஆமைக்கும் மீனுக்கும் செய்யும் உபகாரமும் ஆகும்.

எதைப் பொறுக்குவது, எதை விடுவது என்பதையும் இவ்விடத்திலேயே சொல்லிவிட வேண்டும். உயிருள்ள சிப்பியையும் சங்கையும் அலங்காரத்துக்காக எடுப்பது அடாத செயல். பவளப்பாறையை உடைப்பது சட்டப்படி குற்றம். வங்காலைக் களப்பு 2008 இல் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டு, 2010 இல் சர்வதேச முக்கியத்துவம் உடைய ஈரநிலமாக ராம்சார் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. பூநாரையின் செவ்விறகு ஏட்டுக்கு எவ்வளவு எடுப்பாக இருப்பினும், பார்த்து மகிழ்ந்துவிட்டு வெறுங்கையோடு வருவதே அங்கு முறை. மணியை விரும்புவோர் மாந்தையை நினைப்பர். மாந்தை என்னும் மாதோட்டத்துப் பழந்துறைமுகத்தில் நடந்த அகழ்வுகளிலே கண்ணாடி மணிகளும் நிறக்கல் மணிகளும் சங்கு வளைத் துண்டுகளும் கிடைத்தன என்பது உண்மை. மழைக்குப்பின் திருக்கேதீச்சரத்தின் சுற்றுப்புறத்து மண்ணிலே பழைய மணி ஒன்று கண்ணிற் பட்டால், அதனை இருந்த இடத்திலேயே விட்டுத் தொல்பொருள் அதிகாரிகளுக்கு அறிவிப்பதே கடமை. ஏட்டுக்குச் சந்தையிலே விற்கும் பாசிமணி போதும். அதையும் நூலிற் கோத்துத் தைக்க, ஒவ்வொன்றாக ஒட்டிய மணி ஒவ்வொன்றாகவே உதிரும்.

மீன் செதிலைப் பலர் அருவருப்பர். பேசாலை போன்ற மீன்பிடி ஊர்களிலே நாள்தோறும் குப்பைக்குச் செல்லும் இப்பொருளைப்போல் விலையின்றிக் கிடைக்கும் அழகிய அணிகலன் வேறில்லை என்று சொன்னால் நம்பவும் மாட்டார். கிளிமீன், கொடுவா முதலிய பெருமீன்களின் செதிலை உப்புநீரில் ஓர் இரவு ஊறவைத்து, சவர்க்காரம் இட்டு விரலாலே தேய்த்து, நாற்றம் முற்றும் நீங்கும்வரை அலசுக. ஈரம் இருக்கும்போதே ஊசியால் அடியிலே துளை இடுக. காய்ந்தபின் குத்தினால் வெடிக்கும். தன்பாட்டிலே உலரவிட்டால் சுருளும். ஆகையால் துணிகளின் நடுவே இலேசான பாரத்தின் கீழ் உலர்த்துக. ஓலைக்கு இடும் சாயத்தை வெதுவெதுப்பான நீரிற் கரைத்து இதற்கும் ஊட்டலாம். ஐந்தாறு செதில்களை ஒரு மணியைச் சுற்றி இதழ்களாக வைத்துத் தைத்தால், மெல்லொளி ஊடுருவும் மலராக அமையும். இரு மலர்களுக்கு மேல் ஓர் அட்டை தாங்காது.

துணி வகைகளைப்பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதல் நன்மை உடுப்பில் எஞ்சிய றேந்தை, பழஞ்சேலையின் சரிகைக் கரை, தையற்காரரின் மேசையடியிற் கிடக்கும் பட்டுத் துணுக்கு ஆகியவை யாவும் ஏற்றவையே. விளிம்பிலே பசை தடவி உலர்த்திய பின் வெட்டினால் நூல் பிரியாது. பட்டம் கட்டும் மெல்லிய கடதாசியையும், திருநாள் முடிந்தபின் கொடிக்கயிற்றிலிருந்து இறக்கிய வர்ணத் தாள்களையும் வெட்டி ஒட்டுவோர், மேலே ஒட்டும் தாளின் நார் ஏட்டின் மடிப்புக்கு இணையாகச் செல்கின்றதா என்று பார்த்துக்கொள்க. ஒரு துண்டின் ஒரு புறத்தை நனைத்தால் அது சுருளும், அச்சுருளின் நீளவாட்டமே நாரின் திசையாகும். திசை மாறினால் முகம் கோணும். சமிக்கியையும் மினுக்கப் பொடியையும் பற்றி என்னிடம் நல்லதொரு சொல் இல்லை. பொடி ஏட்டிலே நிற்பதிலும் சோற்றிலும் கண்ணிலும் சேர்வதே அதிகம்.

பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்தின் உதிர்ந்த இலையைப் பலர் ஏட்டிலே பதிக்க விரும்புவர். விரித்த கையின் விரல்களாகச் சிற்றிலைகள் அமைந்த அவ்விலை தாளுக்கு மிக்க சோபையைத் தரும். பழைய புத்தகத்தின் இடையிலே இரு கிழமை அமுக்கி உலர்த்தி, பசையை இலையிற் பூசாது தாளிற் பூசி, இலையை அதன்மேல் மெதுவாகப் படியவைத்து, மேலே மெல்லிய வெண்தாளால் மூடுக. மூடாத இலை விரைவிலே பொடியாகிவிடும்.

பொருள்கள் யாவும் ஆயத்தமான பின்னரும், அவை ஏட்டிலே எழுதப்போகும் விஷயத்துக்கு இசைகின்றனவா என்று ஒரு முறை எண்ணிப்பார்ப்பது நன்று. கத்தோலிக்க ஊர்களின் நாடக ஏடுகளை அண்ணாவிமார் தலைமுறை தலைமுறையாகப் படியெடுத்துக் காத்தனர். அவற்றுள் ‘எண்டிறீக்கு எம்பரதோர்’ நாடகத்தைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1964 இல் அச்சேற்றினார். அத்தகைய நாடகத்திலே தன் பிள்ளை பாடிய தருப் பாடலை மடிப்பேட்டில் எழுதிவைக்க விரும்பும் தாய்க்கு, அரச வேடத்துக்குரிய சரிகையும் மணியும் மட்டையிலே பொருந்தும். மீனவர் குடும்பத்துப் படங்களைச் சேர்க்கும் ஏட்டுக்கு வலைநூலும் செதிலும் பொருந்தும். மடு மாதாவின் ஆவணித் திருநாளுக்கு நடந்து சென்ற வழியைக் குறித்துவைக்கும் ஏட்டுக்கு ஓலைச்சிலுவை ஒன்றே போதும். எல்லாவற்றையும் எல்லா ஏட்டிலும் வைப்பது செல்வக் காட்சியே அன்றிக் கலையாகாது. ஒட்டுவதற்கு முன்னர் பொருள்களை வெறுமனே பரப்பிவைத்து, அவற்றுள் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிடுக. எடுத்தபின் ஏடு குறைவுபட்டதாகத் தோன்றினால் மாத்திரம் திரும்ப வைக்க. பெரும்பாலும் தோன்றாது.

கட்டுக்கயிறே கடைசி அணி. பழைய சுவடிகளின் கயிற்று நுனியிலே ஈர்க்கோடு கூடிய பனையோலைத் துண்டைக் கிளியின் மூக்கு வடிவாகக் கத்தரித்து முடிந்திருப்பர். கயிற்றைச் சுற்றிச் செருகியபின் அது அவிழாமல் பிடித்துக்கொள்ளும், கிளிமூக்கு என்றே அதற்குப் பெயர். நமது மடிப்பேட்டுக்கும் அதுவே மிகப் பொருத்தமான பூட்டு. பின்மட்டையின் நடுவிலே மட்டைக்கும் மூடுதாளுக்கும் இடையில் 50 சென்ரிமீற்றர் நீளமுள்ள பருத்திக் கயிற்றை வைத்து ஒட்டி, ஏட்டை இருமுறை சுற்றி, நுனியிலே ஓலைக் கிளிமூக்கையோ துளையிட்ட சிறு சிப்பியையோ கட்டுக. நாடாவை இறுக முடிச்சிடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். முடிச்சை அவிழ்க்கும் அவசரத்திலேதான் பெரும்பாலான ஏடுகளின் மட்டை ஒடிகின்றது.

முடிந்த ஏட்டைக் கடற்காற்று நேரே படும் சன்னலோரத்திலும், சிமெந்துத் தரையிலும் வைக்கலாகாது. பருத்தித் துணியிலே சுற்றி, இராமபாணப் பூச்சி அணுகாதபடி வசம்புத் துண்டு ஒன்றும் நிழலில் உலர்ந்த வேப்பிலையும் துணிக்கு வெளியே வைத்து, அலுமாரியின் மேற்றட்டிலே தட்டையாகக் கிடத்துக. நிறுத்திவைத்தால் சிப்பியின் பாரம் மடிப்பை இழுக்கும். வாடை தொடங்குமுன் புரட்டாதியில் ஒரு முறையும், மழை ஓய்ந்தபின் தை மாதத்தில் ஒரு முறையும் எடுத்து விரித்து, நிழலிலே காற்றாட விட்டு, வேப்பிலையை மாற்றிவிடுங்கள்.